பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைக் கையில் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு

மலர்கள், பாடநூல்கள், ஊர் வரலாறுகள் என்று ஒரு தலைமுறையின் அச்சு வேலை, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கிறது. அவற்றை மறுபதிப்புக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்குகிறவர்களுக்கு இந்தப் பத்து அறிவுரைகள்.

1. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். வேலை முடிந்த பிறகும் மூலத்தை அழிக்க வேண்டாம்.

2. படங்களையும் எழுத்துருக்களையும் சேர்த்துத் தேடி எடுங்கள். பெரும்பாலும் படம் கோப்புக்குள் இருக்காது, இணைப்பு மட்டுமே இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

3. அச்சான புத்தகப் பிரதி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். எது சரி என்ற கேள்வி வரும்போதெல்லாம் அதைத்தான் பார்க்க வேண்டும். பழைய கணினியில் கோப்பு இன்னும் திறக்கிறதென்றால், அங்கேயே ஒரு பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.

4. திறக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில், அந்தக் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் கடைசிப் பதிப்பு சிஎஸ்6. பேஜ்மேக்கர் 6.0க்கும் முந்தைய கோப்பென்றால், முதலில் பேஜ்மேக்கரிலேயே உயர்த்திச் சேமியுங்கள். பிறகு சிஎஸ்6இல் திறந்து ஐடிஎம்எல் வடிவில் சேமித்தால் இன்றைய இன்டிசைன் ஏற்றுக்கொள்ளும். சிஎஸ்6 கிடைக்காதவர்கள் லிப்ரே ஆபிஸ் ட்ராவில் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்பு கலைந்தாலும் எழுத்து கிடைக்கும்.

5. கோப்பு திறந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது பாமினி, டாப், டாம் போன்ற பழைய குறியேற்றம். ஆங்கிலம் போன்ற வேறு எழுத்துகளுக்கும் குறிகளுக்குமான இடங்களில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. அதைத் தேட முடியாது, மின்னூலுக்கும் உதவாது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் அது தமிழ்.

6. எழுத்துருப் பெயரைப் பார்த்துப் பிரித்து மாற்றுங்கள். பாமினியில் உள்ள பத்தியை மொத்தமாக யூனிகோடு மாற்றியில் போட்டால், நடுவே டைம்ஸ் எழுத்துருவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளில்லாத தமிழாகிவிடும். ஆங்கிலத்தை முதலில் தனியே குறித்துவையுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் போதும்.

7. தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் மாற்றியில் போய் வரும்போது காணாமல் போகும். முன்னதாக அடையாளம் இடுங்கள். ஆனால் நிறுத்தற்குறிகளால் இடாதீர்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யின் புள்ளி. எண்களால் இட்டால் அப்படியே திரும்பி வரும். நூலில் வேறெங்கும் வராத எண்ணாகத் தேர்ந்தெடுங்கள்.

8. கண்ணுக்குத் தெரியாத பிழைகளைத் தேடுங்கள். பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டியவர்கள் ஏராளம். ‘அவர்’ என்பது ‘அவா்’ என்றாகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. துணைக்காலின் மேல் புள்ளி தமிழில் வராது, ஆகவே அதை மொத்தமாக மாற்றலாம். ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகியிருப்பதை அப்படி மொத்தமாக மாற்றக் கூடாது. மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள்.

9. பக்கத்தைப் புதிதாகக் கட்டத் தயங்காதீர்கள். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் நகரும். வரி முடிவில் அன்று கையால் போட்ட இணைப்புக்கோடு, இன்று வரி நடுவில் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியிலும் தட்டிய என்டரையும், இடம் நிரப்பத் தட்டிய வெற்றிடங்களையும் நீக்குங்கள். பத்திகளுக்கு ஸ்டைல் கொடுங்கள். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய டைப் 1 எழுத்துருவை நம்ப வேண்டாம். 2023 ஜனவரியோடு அடோபி அதன் ஆதரவை நிறுத்திவிட்டது.

10. மெய்ப்பு பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஒருவர் பழைய புத்தகத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் புதியதைப் பார்க்க வேண்டும். பெயர்கள், ஆண்டுகள், அட்டவணை எண்கள் மூன்றையும் இரண்டாம் முறையும் பாருங்கள்.

கூலி பேசும்போது, கோப்பைத் திறக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். திருத்தும் நேரத்துக்கும் மெய்ப்பு நேரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதி அதுதான்.