தொண்டர் தீயணைப்புப் படை



ரெக்ஸ்டேலில் நாம் வாழும் மாடிக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி ஒலித்தால், சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கின்றன. அவற்றில் வருவோர் ரொறன்ரோ தீயணைப்புச் சேவையின் முழுநேர ஊழியர்கள். கனடா முழுவதும் இவ்வாறே என நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு மேற்பட்டோர் தொண்டர்களாவர். கமக்காரர், கடைக்காரர், ஆசிரியர், பேருந்துச் சாரதி எனப் பல தொழில் புரிவோர், பேஜர் ஒலித்ததும் கைவேலையை விட்டு ஓடுகின்றனர். சில ஊர்களில் அவர்களுக்குச் சிறு கொடுப்பனவு உண்டு, சம்பளம் இல்லை.

ஊரில் கண்ட தீ

யாழ்ப்பாணத்தில் நான் ஆசிரியராகப் பணியாற்றிய கிராமத்தில், ஒரு சோளகக் காலத்தில், என் மாணவன் ஒருவனின் வீடு தீப்பற்றியது. கிடுகு வேய்ந்த கூரை, காற்றோ கடுமை. ஊரே திரண்டது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கைக்குக் கை மாற்றினோம். இளைஞர்கள் அயல்வீட்டுக் கூரையில் ஏறிக் கிடுகுகளைப் பிடுங்கி எறிந்தனர். அயல்வீடு தப்பியது, அவன் வீடு தப்பவில்லை. மறுநாள் அவன் புத்தகமின்றி வகுப்பில் இருந்தான். அன்று எவரிடத்தும் நல்மனத்துக்குக் குறைவிருக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றும் சிறிது நீளக் குழாயும் இருந்திருந்தால் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அவ்வெண்ணமே இந்நாட்டுச் சிற்றூர்கள் தீயை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை அறியத் தூண்டியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நகரில் வீதியோரம் தீயணைப்பு நீர்க்குழாய்கள் உண்டு. ஒதுக்குப்புறக் கிராமங்களில் பெரும்பாலும் இல்லை. ஆகவே எரியும் வீட்டருகே பெரிய மடக்குத் தொட்டி ஒன்றை விரித்து வைப்பர். பவுசர்கள் ஏரியிலோ குளத்திலோ நிரப்பிய நீரை அதில் கொட்டிவிட்டு மீண்டும் ஓடும். அத்தொட்டியிலிருந்து இயந்திரம் நீரை உறிஞ்சித் தீயின்மேல் பாய்ச்சும். ஒரு பவுசர் தாமதித்தாலும் குழாய் வற்றிவிடக்கூடும். பனிக்காலத்தில் ஏரி உறைவதால், சில ஊர்கள் பனிக்கட்டிக்குக் கீழே நீரை எட்டும் நிலையான குழாய்களைக் கரையில் பதித்துள்ளன.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒன்ராறியோவில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் வைத்துள்ளது. எத்தகைய சேவை வேண்டும் என்பதைத் தன் தேவைக்கும் நிலைமைக்கும் ஏற்ப ஒவ்வொரு மன்றமும் தீர்மானிக்கும். செலவின் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்தே வருகிறது. சில நூறு வீடுகளே உள்ள ஊரில் வரவு சிறிது, செலவோ சிறிதன்று. தீயணைப்பு அங்கியைத் தயாரித்து 10 ஆண்டுகளில் ஒதுக்கிவிட வேண்டும் என்பது வட அமெரிக்க நியமம். ஆண்டுக்குப் பத்துத் தீயை அணைத்தாலும் ஆயிரம் தீயை அணைத்தாலும் அங்கியின் ஆயுள் ஒன்றே. ஆகவே சிற்றூர்கள் பிற இடங்களில் பாவித்த வண்டிகளை வாங்குகின்றன. காலை விருந்தும் சீட்டிழுப்பும் நடத்திப் பணம் சேர்க்கின்றன. அயலூர்களுடன் பரஸ்பர உதவி ஒப்பந்தம் செய்கின்றன.

ஆண்டில் 200 மணிநேரமாவது தொண்டாற்றுவோருக்கு மத்திய அரசு 2011 முதல் வரிச்சலுகை வழங்குகிறது. அதன் கணிப்புத் தொகை 3,000 டொலராக இருந்து 2024இல் 6,000 டொலராக உயர்ந்தது. இத்தொகை முழுவதும் கையில் கிடைப்பதன்று. அதன் ஒரு சிறு வீதமே வரியில் கழிகிறது. கிரேவன்ஹேர்ஸ்டில் இயங்கிய ஒன்ராறியோ தீயணைப்புக் கல்லூரி 2021இல் மூடப்பட்டபின், பயிற்சி பிராந்திய நிலையங்களில் நடைபெறுகிறது.

நாம் உணர வேண்டியது

தொண்டர் ஊருக்கு விட்டுக்கொடுப்பது தம் சம்பளத்தை மட்டுமே. வண்டி, அங்கி, பயிற்சி ஆகியவற்றை ஊர்தான் கொடுக்க வேண்டும். "தொண்டர்தானே, செலவில்லை" என்றிருக்கும் ஊர் அவரை வெறுங்கையோடு தீக்குள் அனுப்புகிறது. தொண்டர்களால் நடைபெறும் நமது தமிழ்ப் பாடசாலைக்கும் இது பொருந்தும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

கோடையில் வடக்கே பயணம் செய்யும்போது, பச்சை விளக்கு மின்னும் கார் பின்னால் வந்தால் வழிவிடுங்கள். தீயணைக்க விரையும் தொண்டர் ஒருவர் அதில் இருப்பார். சிற்றூர்ப் படையினர் உண்டியல் ஏந்தி நின்றால் இயன்றதைக் கொடுங்கள். அது ஒரு மாணவனின் புத்தகங்களைக் காக்கக்கூடும்.

அருஞ்சொற்பொருள்

சோளகம் – தென்மேற்குக் காற்று
கிடுகு – பின்னிய தென்னோலை
பவுசர் – நீர் கொண்டுசெல்லும் தாங்கி வண்டி
பரஸ்பரம் – ஒருவருக்கொருவர்

பயிற்சி

1. நீர்க்குழாய் இல்லாத ஊரில் தீயணைக்க நீர் எவ்வாறு கிடைக்கிறது?
2. தீ குறைவான ஊரிலும் அங்கிச் செலவு குறையாதது ஏன்?
3. உங்கள் பெற்றோரின் ஊரில் தீப்பிடித்தால் என்ன செய்தார்கள்? வீட்டில் கேட்டுப் பத்து வரிகள் எழுதுக.