சிங்க் செய்தால் பேக்கப் ஆகிவிடுமா?

“நாலு கம்ப்யூட்டரில் சிங்க் ஆகிறது, தனியாக பேக்கப் எதற்கு?” ஆடிட்டர் அலுவலகமானாலும் போட்டோ ஸ்டூடியோவானாலும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகளே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியர் முறை என்றால் தைரியம் இன்னும் கூடிவிடுகிறது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதாம்! இந்த நம்பிக்கையில்தான் பல வருட உழைப்பு ஒரே மதியத்தில் காணாமல் போகிறது.

சிங்க் மென்பொருளுக்கு ஒரே வேலை: எல்லாக் கணினிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. கோப்பைத் திருத்தினாலும் அதற்கு மாற்றம்தான், அழித்தாலும் மாற்றம்தான், ரான்சம்வேர் புகுந்து பூட்டினாலும் மாற்றம்தான். எல்லாவற்றையும் ஒரே சுறுசுறுப்போடு மற்ற கணினிகளுக்குக் கடத்திவிடும். பியர்-டு-பியர் முறையில் இயங்கும் சிங்க்திங்கை உருவாக்கியவர்களே, அது நல்ல பேக்கப் கருவி ஆகாது என்று தங்கள் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். படிப்பவர் யார்? பழைய பதிப்புகளை எடுத்துவைக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அதை நாமாக இயக்க வேண்டும். இயக்கினாலும், வேறு கணினியிலிருந்து வரும் மாற்றங்களுக்குத்தான் அது பொருந்தும்.

கேடிஇ மென்பொருள் குழுவுக்கு 2013 மார்ச்சில் நடந்தது தெரிந்தால் இந்தத் தைரியம் வராது. லினக்ஸ் உலகின் பெரிய குழுக்களில் ஒன்று அது. நிரல்களைச் சேமித்துவைக்கும் 1,500 கிட் களஞ்சியங்கள். முதன்மை சர்வரை அடிக்கடி பார்த்துத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் மிரர் சர்வர்களும் இருந்தன. பராமரிப்புக்காக நிறுத்திய முதன்மை சர்வர் மறுபடி எழுந்தபோது கோப்பு முறைமை சிதைந்திருந்தது; களஞ்சியப் பட்டியலும் கெட்டிருந்தது. மிரர்கள் அந்தப் பட்டியலை அப்படியே நம்பி, அதில் இல்லாத களஞ்சியங்களைத் தங்களிடமிருந்தும் நீக்கின. இத்தனைக்கும் கணினியே தொழிலாகக் கொண்டவர்கள்! புதிதாக அமைத்த ஒரு சர்வர் மட்டும் அந்த அழிவை இன்னும் வாங்கிக்கொள்ளாமல் இருந்ததால் தப்பினார்கள்.

ஆனால் பியர்-டு-பியர் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே முறையில் இயங்கும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘லாக்ஸ்’ திட்டத்தில் நூலகங்களின் கணினிகள் மின்னிதழ்ப் பிரதிகளை ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) வழியாக ஒப்பிட்டு வாக்கெடுப்பு நடத்துகின்றன. பலருடைய பிரதியோடு ஒத்துப்போகாத பிரதிதான் பழுதுபார்க்கப்படும். அதுவும் வேண்டுமென்றே மெதுவாக, ஒரு கெடுதல் சட்டென்று பரவிவிடாதபடி.

பியர்-டு-பியர் பற்றி வேறு தவறான பேச்சுகளும் உண்டு. அந்த முறையில் கோப்பு பகிரும் டொரன்ட் என்றாலே திருட்டு என்பது வெறும் புரளி. டெபியன், உபுண்டு போன்றவை தங்கள் இயங்குதளங்களை டொரன்டிலும் தருகின்றன. அதில் வரும் ஒவ்வொரு துண்டும் ஹாஷ் சரிபார்ப்பைத் தாண்டினால்தான் ஏற்கப்படும். டொரன்டில் ஆள் தெரியாது என்பதும் பொய். அதே கோப்பைப் பகிரும் யாரும் உங்கள் ஐபி முகவரியைப் பார்க்கலாம். பியர்-டு-பியர் முறையில் சர்வரே கிடையாது என்போருக்கு 1999-இல் வந்த பாட்டுப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர் பதில்: பாட்டு பயனர்களிடம் இருந்தது, பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2001-இல் அந்தச் சேவை நின்றது.

சிங்க் இருக்கட்டும். அதோடு, வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒரு கோப்பையாவது அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். கல்லூரிகளின் கணினி செய்முறைத் தேர்விலும் இதைச் சேர்த்தே ஆக வேண்டும்: மாணவர் தன் புராஜெக்டைத் தேர்வாளர் கண்ணெதிரே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டட்டும். அதன் பிறகு மதிப்பெண் போடலாம்.