பிள்ளையை எதில் விடலாம்?

பாடசாலை விடுமுறை விட்டால் உயிலங்குளத்தில் என்னிடம் வரும் பெற்றோருக்கு ஒரே கேள்விதான். "சேர், இவனை எதில விடலாம்?" கேட்டு முடிக்கும் முன்பே பதிலும் அவர்கள் கையில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மன்னார் ரவுனுக்கு அபாகஸ் வகுப்புக்குப் போகிறது. கோப்பையோடு நிற்கும் படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிறகென்ன, நம்ம பிள்ளையும் போகத்தானே வேண்டும்!

ஆங்கில வாசிப்பு, தட்டச்சு, தையல், வீட்டுத்தோட்டம் எல்லாமே நல்லவை. அவற்றுக்காக வாதாட வேண்டியதில்லை. ஆங்கிலம் என்றால் வீட்டில் ஒருவர் தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு சேர்ந்து சத்தமாக வாசித்தால் போதும். தமிழ் தட்டச்சை யூனிகோடிலேயே தொடங்குங்கள். பாமினி எழுத்துருவில் பழகிவிட்டுப் பிறகு மாறுவது கரைச்சல். தோட்டத்தைப் பற்றிக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற சனத்துக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை.

அபாகஸுக்கு வருவோம். இப்போது பரவலாகப் பழக்குவது ஜப்பானிய மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குப் பட்டைக்கு மேலே ஒரு மணி, அதன் பெறுமதி 5. கீழே நான்கு மணிகள், ஒவ்வொன்றும் 1. கை பழகியதும் சட்டத்தை மூடிவைத்து, மனதுக்குள்ளேயே மணிகளைத் தள்ளிக் கணக்குப் போடுவார்கள். பார்க்க அழகுதான். அதனால் மூளை வளரும், ஞாபகசக்தி பெருகும், புலமைப்பரிசில் பாஸ் பண்ணலாம் என்று சொல்லிக் காசு வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குஜராத்தின் வதோதராவில் 204 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. அபாகஸ் பழகிய பிள்ளைகள் கணக்கில் மற்றவர்களை முந்தினார்கள், அது உண்மை. ஆனால் அடிப்படை அறிவாற்றலில் இரு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. கணக்கில் கிடைத்த நன்மையும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே உருவங்களை மனதில் நிறுத்திவைக்கும் திறன் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் போனது. அந்தத் திறன் இல்லாத பிள்ளையையும் நாம் காசு கட்டி அனுப்புகிறோம். அது தோற்றால் "கவனமில்லை" என்று ஏசுகிறோம்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தாலும் தொல்லை தீர்வதில்லை. தாய் போனில் நேரம் பிடிக்க, பிள்ளை கண்ணீரோடு விரலை ஆட்டும். நாலிலக்கக் கூட்டலை ஒரு மூச்சில் முடித்த பெடியன் ஒருவனிடம், "ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், மூன்றரை ஏக்கருக்கு எவ்வளவு?" என்றேன். "கூட்டவா சேர், கழிக்கவா?" என்று கேட்டான்.

என்னைக் கேட்டால் சைக்கிள் திருத்தப் பழக்குங்கள் என்பேன். நான் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன், அந்தப் பக்கச்சாய்வைக் கழித்துவிட்டே கேளுங்கள். உடைமுள் கிடக்கிற ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. ரியூபைக் காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினால், குமிழி எங்கே வருகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அந்த இடத்தைத் துடைத்து, உரசி, சொலூசன் பூச வேண்டும். பூசிய கையோடு ஒட்டைப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்; பளபளப்புப் போய் விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகம். அவசரப்பட்டு ஒட்டினால் மறுநாள் பாடசாலைக்குப் போகும் வழியில் ரயரே அதற்குப் பதில் சொல்லும். நாம் ஏசத் தேவையில்லை, புள்ளி போடவும் தேவையில்லை.

சைக்கிளில் மனமில்லாத பிள்ளையும் இருக்கும். அதை வற்புறுத்தாதீர்கள். சிலது பனையோலையைக் கண்டால் விடாது, சிலது குசினியை விட்டு வெளியே வராது, சிலது கூத்துப் பழகும் இடத்தில் மத்தளத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தும். ஒரு விடுமுறை முழுக்கச் சும்மா விட்டு, சொல்லாமலே எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு காசு கட்டலாம். மூன்றாம் கிழமை எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும். அந்தக் கிழமையில் வேறு வகுப்புக்கு மாற்றுவதும், அடிப்பதும் வேண்டாம். பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

"சேர், இதுக்கெல்லாம் சேட்டிபிக்கற் தருவாங்களா?" என்றும் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு எதற்கு? வளர்ந்து அந்த வேலையிலேயே நின்றால் தேசிய தொழிற் தகைமை இருக்கிறது. நிறுவனத்தில் படிக்காமல் வேலை செய்தே பழகியவர்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை அதில் உண்டு.