தண்ணீரில் தெரியும் மண்டபம்: எங்கே வெட்டுவது, வண்ணம் வேண்டுமா?

பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை ஓய்ந்த மாலையில் எடுத்த ஒரு படத்தோடு லேஅவுட் மேசைக்குப் போனேன். சாலைக் குட்டையில் ஒரு சைக்கிள்காரர் தலைகீழாகத் தெரிவார். நானே இறுக்கி வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, அதே ஃபைலின் மேல் சேவ் செய்திருந்தேன். "அட்டைக்கே வைக்கலாம் தம்பி. மேலே பத்திரிகைப் பேர் வர இடம் வேணும், முழுப் படத்தைக் கொடுங்க" என்றார் லேஅவுட் ஆர்டிஸ்ட். முழுப் படம் இல்லை. "சரி, எதுக்கு இப்படி வெட்டினீங்க?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அட்டைக்கு வேறு படம் போனது.

பிரதிபலிப்புப் படம் எடுப்பவர்களிடம் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன: பொருள் ஒன்று, பிம்பம் ஒன்று. இரண்டில் யார் கதாநாயகன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எங்கே வெட்டுவது, என்ன நிறம் என்பதற்கெல்லாம் பதில் அதிலேயே இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் நிமிர்த்துங்கள்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே மைய மண்டபம், சுற்றிலும் தண்ணீர். படம் இம்மி சாய்ந்தாலும் மண்டபமும் சாயும், பிம்பமும் சாயும். தவறு இரண்டு மடங்காகத் தெரியும். புதியவர்கள் கரைக்கோட்டை வைத்து நிமிர்த்துவார்கள். கரை உங்களுக்குக் குறுக்கே நேராக ஓடாவிட்டால் அது படத்தில் சரிந்துதான் தெரியும், அதை நம்பாதீர்கள். மண்டபத்தின் உச்சியையும் பிம்பத்தின் உச்சியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கேமராவை மேலோ கீழோ சாய்க்காமல் எடுத்திருந்தால் அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும்.

எங்கே வெட்டுவது?

*இருவரும் சமம் என்றால்:* காற்றில்லாத விடிகாலையில் மண்டபமும் பிம்பமும் ஒன்றுபோல் இருக்கின்றன. தண்ணீர்க்கோட்டை நடுவிலேயே வையுங்கள். அடிவானத்தை மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதி இங்கே தளரும். பாதி வழியில் நிற்காதீர்கள். நடுவுக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே என்று விட்டால் கைத்தவறு போலத் தெரியும்.

*பிம்பம்தான் நாயகன் என்றால்:* மேலே மின்கம்பியும் விளம்பரப் பலகையும், கீழே தண்ணீரில் மட்டும் அழகு. மேல்பாதியைத் தயங்காமல் வெட்டுங்கள். ஆனால் ஒரு படிக்கட்டு விளிம்போ, மிதக்கும் ஓர் இலையோ மிஞ்சட்டும். பார்ப்பது தண்ணீர் என்று கண்ணுக்குச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

*பொருள்தான் நாயகன் என்றால்:* காற்றடித்து பிம்பம் சிதறிவிட்டது. அதில் ஒரு கீற்று போதும், மிச்சத்தை வெட்டலாம்.

எப்படி வெட்டினாலும் பிம்பத்தின் கலசத்தை அரைகுறையாக நறுக்காதீர்கள். நிற்பவரின் காலைக் கணுக்காலோடு வெட்டியது போல இருக்கும். ஒன்று, கலசத்துக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் துணிந்து பிம்ப மண்டபத்தின் நடுவிலேயே வெட்டுங்கள்.

வெட்டவே கூடாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: பொதுவாக வெட்டுவதை விரும்பாத புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே பிரெஸோன், 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். வேலிப் பலகை இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்ததால் பலகை ஓர் ஓரத்தை மறைத்தது, அது போனது. தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரும், நீரில் அவர் பிம்பமும், பின்சுவரில் அவரைப் போலவே தாவும் நடனக்காரியின் சுவரொட்டியும் தங்கின. எதைக் காப்பாற்ற வெட்டுகிறோம் என்று தெரிந்தால் வெட்டலாம்.

கணக்கும் பாருங்கள். 6000 × 4000 பிக்சல் கிடைமட்டப் படத்தில் 4:5 செங்குத்தாக வெட்டினால் 3200 × 4000 மிஞ்சும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஏறத்தாழ 10.7 × 13.3 அங்குலம்; பத்திரிகையின் முழுப் பக்கத்துக்குப் போதும். அதில் அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்கினால் முழுப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

எளிய சோதனை: படத்தைப் பார்க்காத நண்பரிடம் போனில் விவரியுங்கள். வாயில் முதலில் வருவது நிறம் என்றால் வண்ணம். வட்டம், கோடு, அலை, நிழல் என்று வந்தால் கறுப்பு வெள்ளை.

வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத் தெப்பத் திருவிழா இரவை நினைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை விளக்குகள் தண்ணீரில் நீண்டு நெளிகின்றன. கறுப்பு வெள்ளையில் அவை வெறும் வெள்ளைக் கீற்றுகள், திருவிழாவே அணைந்துவிடும். அதே குளம் மேகமூட்டமான மதியத்தில் பாசி படிந்து கிடந்தால் கல்தூணின் பிம்பத்திலும் பச்சை ஏறும். அங்கே நிறத்தை எடுத்தால் தூணின் வடிவம் தெளியும்.

கடைக் கண்ணாடி வேறு கதை. உள்ளே மஞ்சள் பல்பு, வெளியே நீலம் பூத்த அந்தி. இரண்டு அடுக்கையும் பிரித்துக் காட்டுவது நிறம்தான். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலர் நம்பிய காலத்திலேயே நியூயார்க் தெருக்களின் ஈரக் கண்ணாடிகளை வண்ண ஸ்லைடில் எடுத்தவர் சால் லைட்டர்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சாச்சுரேஷனை மட்டும் குறைத்து நிறுத்தாதீர்கள். சிவப்புச் சேலையும் பச்சைத் தண்ணீரும் ஒரே சாம்பலாகி ஆள் தொலைந்துபோவார். சிவப்பின் ஒளியைக் கூட்டி, பச்சையைக் குறைத்தால் சேலை மேலெழும். தண்ணீர் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும். பிம்பம் பொருளைவிட இருண்டே இருக்கும். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சி இருட்டை இன்னும் கூட்டும். அச்சுக்குப் போகும் படத்தில் பிம்பத்தைச் சற்று வெளிச்சப்படுத்தி அனுப்புங்கள்.

மங்கலான படத்தைக் காப்பாற்றும் மருந்தாகக் கறுப்பு வெள்ளையை நினைக்காதீர்கள். எடிட்டருக்கு அது ஒரே பார்வையில் தெரியும்.

வேலை இடத்தில்

• ரா ஃபைலைத் தொடாதீர்கள். வெட்டியதைப் புதுப் பெயரில் சேமியுங்கள்.

• படம் அட்டைக்கா, உள்பக்கத்துக்கா, செல்போன் திரைக்கா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

• கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் கண்ணாடி பார்க்கும் படத்தை வண்ணத்தில் கட்டாயம் கொடுங்கள். பார்த்துப் பார்த்து எடுத்த பட்டின் நிறத்தை வீட்டார் தேடுவார்கள். கறுப்பு வெள்ளை கூடுதல் பிரதியாக இருக்கட்டும்.

• செய்திப் படம் என்றால் எல்லை உண்டு. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி விதிகள் தேவையற்ற ஓரத்தை வெட்டுவதையும் கறுப்பு வெள்ளையாக்குவதையும் அனுமதிக்கின்றன. ஃபிரேமுக்குள் ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் இடவலம் மாற்றுவதும் கூடாது.

• படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: ஏன் இந்த வெட்டு, ஏன் இந்த நிறம். அந்த வரி வரவில்லை என்றால் முடிவு இன்னும் எடுக்கவில்லை என்று பொருள்.

அந்த சைக்கிள் படம் முழுதாக இருந்திருந்தால் இன்று அந்த வரியை இப்படி எழுதியிருப்பேன்: "இரண்டு சக்கரமும் வட்டம், குட்டையும் வட்டம், சேற்றின் நிறத்துக்கு இங்கே வேலையில்லை. அதனால் கறுப்பு வெள்ளை. மேலே சாலை வெறுமையாக இருக்கிறது. உங்கள் பத்திரிகைப் பெயருக்காக வெட்டாமல் விட்டிருக்கிறேன்."