இரு புதர் வானம்பாடிகள்

மேய்ச்சல் தரையிலும் மானாவாரிக் கொல்லை ஓரத்திலும் மண்ணிறமாய்த் திரியும் வானம்பாடியைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்த இரு ஜாதிகள் உள. ஒன்று ஜெர்டன் புதர் வானம்பாடி. மற்றது இந்தியப் புதர் வானம்பாடி. சென்னைப் படையில் வைத்தியராயிருந்து பக்ஷிகளை ஆராய்ந்த ஜெர்டன் துரையின் (1811–1872) பெயரை முன்னது தாங்கியுள்ளது.

உருவம்: இரண்டும் ஏறக்குறைய ஊர்க்குருவியின் அளவினவே. மார்பில் கரும்புள்ளிகள் உண்டு; பறக்கையில் சிறகில் செம்மை தோன்றும். ஜெர்டன் வானம்பாடி சற்றுப் பருத்தது, அலகு தடித்தது, வால் குறுகியது. மற்றது மெலிந்தது; வால் நீண்டது; செம்மை மிகுந்தது. தூரத்தே நின்று பார்ப்பவருக்கு இவ்வடையாளங்கள் போதா.

பாட்டு: இங்குக் கண்ணினும் காதே சிறந்த சாக்ஷி. இரண்டும் மேலெழும்பிப் பாடி, கால்களைத் தொங்கவிட்டு இறங்கும். ஜெர்டன் வானம்பாடியின் பாட்டு, மெல்லிய தகடு விரைந்து அதிர்வது போன்ற வறண்ட ஓசை. மற்றதோ ‘டிட் டிட்’ எனத் தொடங்கி நீண்ட சீழ்க்கையாய்த் தொடரும். ஜெர்டன் வானம்பாடியை நெடுங்காலம் வங்காளப் புதர் வானம்பாடியின் உட்பிரிவாகவே கொண்டிருந்தனர். 1998-இல் சுவீடன் தேசத்து அறிஞர் ஆல்ஸ்ட்ரோம், பாட்டு, பறக்கும் விதம், உருவம் ஆகியவற்றை ஒப்பிட்டு, அது தனி ஜாதியெனக் காட்டினார்.

வாசஸ்தலம்: ஜெர்டன் வானம்பாடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. சாகுபடி நிலத்தின் ஓரங்களிலும் வாழும். மரக்கிளையிலும் கம்பியிலும் அடிக்கடி அமரும். மற்றது இலங்கையில் இல்லை. கல்லும் முட்புதரும் நிறைந்த வறண்ட வெளியையே பெரிதும் நாடும்.

உபயோகம்: இவை விதைகளையும் பூச்சிகளையும் தின்னும், குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டும். ஆதலின் பயிருக்கு உதவுவனவாம்.

கவனிக்க வேண்டுவது: இரண்டும் புல்தூற்றின் அடியில், தரையிலேயே கூடு கட்டும். கூடு கண்ட இடத்தை உழாமலும் ஆடு மிதியாமலும் சில வாரம் விட்டுவைத்தல் எளிது. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. புதர்வெளியைப் பயனற்ற தரிசு எனக் கருதி, முழுவதும் மரம் நட்டுத் தோப்பாக்குவது நற்செயலெனப் பலர் எண்ணுகின்றனர். தோப்பில் இவ்வானம்பாடிகளுக்கு இடமில்லை. ஆகவே மரம் நடுமுன், அந்நிலத்தில் எது பாடுகிறது என்று ஒரு காலைப்பொழுது செவிகொடுத்தறிதல் கிராமத்தாரின் கடமையாகும்.