இல்லினாய்ஸ் சர்வகலாசாலையின் மாரோ பாத்திகளும் நிரந்தர விவசாயமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டைச் சார்ந்த இல்லினாய்ஸ் மாகாணத்துச் சர்வகலாசாலையில், நாற்புறமும் மாளிகைகள் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு சிறு வயல் மட்டும் கட்டடமின்றி விடப்பட்டிருக்கிறது. அதற்கு மாரோ பாத்திகள் என்று பெயர். 1876-ம் வருஷத்தில் அவ்வயலில் தொடங்கிய பயிர்ப் பரிசோதனை இன்றளவும் நடந்து வருகிறது. இவ்வாறு நீடித்து நடக்கும் பரிசோதனைகளுள் அந்நாட்டில் இதுவே மூத்தது. உலகில் இதற்கு முந்தியது இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843-ல் ஏற்பட்டதாகும். ஒரு போகத்து மகசூலை மாத்திரம் பார்த்து நிலத்தின் குணத்தை நிச்சயிக்கும் வழக்கம் நம்மவரிடம் பெரிதும் இருப்பதால், இவ்வயலின் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லுதல் பயனுடையதாகும்.

அம்மாகாணத்துப் பூமி பூர்வத்தில் ஆளுயரப் புல் மண்டிக் கிடந்த சமவெளி. ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் புல்லின் வேர்கள் மண்ணிலேயே மக்கியபடியால் மேல்மண் கருத்துச் செழித்திருந்தது. அதை உழுது குடியேறினவர்களுள் பலர், அதன் சாரம் எக்காலத்தும் வற்றாதென்று நம்பினார்கள். பாமரர் மட்டுமா? மண் என்பது தேய்ந்து தீராத சொத்து என்ற கருத்தை அமெரிக்க மத்திய சர்க்காரின் மண் ஆராய்ச்சி இலாகாவே 1909-ல் அச்சிட்டு வெளியிட்டது. இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஸிரில் ஹாப்கின்ஸ் என்னும் ரசாயன சாஸ்திரி இக்கொள்கையை வன்மையாக எதிர்த்து வந்தார். விளைபொருளோடு வயலை விட்டு வெளியேறும் மணிச்சத்து திரும்பி வராவிடில் பூமி வறுமையடையும் என்பது அவர் வாதம். வரவு செலவு எழுதத் தெரிந்த எந்த மிராசுதாருக்கும் இது விளங்கும். 1910-ல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'மண்வளமும் நிரந்தர விவசாயமும்' என்று பொருள்படும் பெயரை இட்டார். நிலைபேறு என்று இக்காலத்துச் சர்வகலாசாலைகளில் போதிக்கப்படுவதை அவர் அன்றே நிரந்தர விவசாயம் என்று சொல்லிவிட்டார். முதல் உலக யுத்தத்தின் முடிவில் கிரேக்க நாட்டின் சாரமிழந்த மண்ணைச் சீர்செய்யும் பணிக்காகச் சென்ற அவர், திரும்பும் வழியில் 1919-ல் ஜிப்ரால்டரில் காலமானார்.

பரிசோதனையின் அமைப்பு எளிது. ஒரு பாத்தியில் வருஷந்தோறும் மக்காச்சோளமே விதைக்கப்படுகிறது. அடுத்ததில் மக்காச்சோளமும் ஓட்ஸ் தானியமும் மாறிமாறி விதைக்கப்பட்டு வந்தன; 1967 முதல் ஓட்ஸுக்குப் பதிலாக சோயா மொச்சை வந்தது. மூன்றாவது பாத்தியில் மக்காச்சோளம், ஓட்ஸ், பயறு இனத்தைச் சேர்ந்த ஒரு தீவனப் பயிர் என்று மூன்று வருஷச் சுற்று. 1904-ல் பாத்திகள் பிரிக்கப்பட்டு, ஒரு பாகத்திற்குத் தொழுவெருவும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் இடப்பட்டன. மற்றப் பாகம் ஒன்றுமின்றி விடப்பட்டது. எருவுமின்றி மாற்றுப் பயிருமின்றி மக்காச்சோளத்தையே கண்ட பாகம் எல்லாவற்றிலும் கடையாக நின்றது. எரு இடாத போதிலும், தீவனப் பயிரோடு சுற்றி வந்த பாகம் அதைவிட நன்றாக விளைந்தது.

1955-ல் நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. அதுவரை எருவே காணாத பாகத்தின் ஒரு பகுதிக்கு அவ்வருஷம் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ரசாயன உரமாக இடப்பட்டன. மகசூல் உடனே எழும்பிற்று. ஐம்பது வருஷம் தொழுவெரு தின்ற பாகத்திற்கு ஏறக்குறைய நிகராக நின்றது. 'அப்படியானால் எருக்குழி எதற்கு? மூட்டை உரம் போதுமே' என்று கேட்பார் குடியானவர். நமது வட்டாரங்களில் இக்கேள்வி எனக்கு நன்கு பழகினதே. மகசூல் ஒன்றையே நோக்கினால் அதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

மறுமொழி மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது. 1955-ல் எடுத்து வைத்த மண்ணோடு, பிற்காலத்தில் எடுத்த மண்ணை அச்சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் நால்வர் ஒப்பிட்டு 2007-ல் முடிவை வெளியிட்டனர். ரசாயன உரமிட்டு, மிகுந்த தட்டையையும் தாளையும் நிலத்திலேயே மடக்கி உழுதும், மண்ணிலுள்ள அங்ககக் கரி, அதாவது மக்கின் சாரம், கூடவில்லை, குறைந்தேயிருந்தது. மேல்மண்ணைவிட அடிமண்ணில் குறைவு அதிகம். தழைச்சத்து உரம் மக்கைக் கரைக்கிறதென்பது அவர்கள் துணிபு. ராதம்ஸ்டெட் ஆராய்ச்சியாளர் முதலானோர் இதை ஒப்பவில்லை. புல்வெளியை உழுத நாள் தொட்டு அம்மண்ணில் மக்கு குறைந்துகொண்டே வருகிறது. உரமிடாத பாகத்தோடு ஒப்பிட்டால் உரமிட்ட பாகமே மேல் என்றனர். வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், மகசூல் ஏறிய வயலில் மக்கு இறங்கியிருக்கக் கூடும் என்பதில் இரு கட்சியாருக்கும் பேதமில்லை. குடியானவருக்கு வேண்டியது இதுவே என்பது என் எண்ணம்.

இனி, பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து எங்கே போகிறது? இக்கேள்விக்கு மண் சாஸ்திரி தனித்து விடை கூற முடியாது. இல்லினாய்ஸ் வயல்களில் அதிக நீரை வடிக்கப் பூமிக்கடியில் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் வழியே தழைச்சத்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மிஸிஸிபி நதிக்கும், முடிவில் மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே பாசி பெருகி மடிந்து அழுக, நீரில் பிராணவாயு அற்று மீன்கள் சாகின்றன. வயலிலிருந்து நெடுந்தூரத்தில் வலை வீசுகிறவனுக்கு இந்நஷ்டம். ஆகவே நீர்ப்பாசன எஞ்சினீயரும் மண் சாஸ்திரியும் பொருளாதார சாஸ்திரியும் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. எவ்வயலிலிருந்து எவ்வளவு வடிகிறதென்று ஒருவர் அளக்க, எம்முறையால் குறையுமென்று ஒருவர் கூற, அம்முறைக்கு ஏக்கருக்கு என்ன செலவாகும் என்று ஒருவர் கணக்கிட்டார். இவ்வாராய்ச்சியைக் கொண்டு 2015-ல் வெளியான மாகாணத் திட்டம், 2025-க்குள் நைட்ரேட் வடிவை 100-க்கு 15-ம், மணிச்சத்து வடிவை 100-க்கு 25-ம் குறைக்கவும், முடிவில் இரண்டையும் 100-க்கு 45 குறைக்கவும் குறிக்கோள் வைத்தது. இடையே வெளிவந்த அறிக்கைகளிலோ மணிச்சத்து வடிவு முன்னிலும் கூடியே காணப்பட்டது. குளிர்காலத்தில் வயலை வெறுமையாகப் போடாமல் மூடுபயிர் விதைக்கும்படி சொல்லப்படுகிறது. செலவைக் கண்டு தயங்குவோர் அங்கும் உண்டு.

பல சாஸ்திரங்கள் ஒரு வயலுக்கு இணங்கி நடந்ததற்கு வேறோர் உதாரணமும் உண்டு. பாத்திகளுக்கு அருகே ஒரு நூல்நிலையம் கட்ட வேண்டியிருந்தது. உயரமாகக் கட்டினால் பயிரின் மேல் நிழல் விழுந்து பரிசோதனை கெட்டுவிடும். ஆதலால் இரண்டு நிலைகளையும் பூமிக்கு அடியிலேயே அமைத்து 1969-ல் திறந்தார்கள். வரப்போரத்து வேப்பமரத்தின் நிழலுக்காக வழக்காடுகிறவர்கள் இதை ரசிப்பார்கள். 2013-ல் அச்சர்வகலாசாலை நிலைபேறு, எரிசக்தி, சுற்றுப்புறம் ஆகியவற்றுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. எந்தப் பிரிவில் படிக்கும் மாணாக்கரும் அங்கே துணைப்பாடம் பயிலலாம்.

நமது கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியிலும் 1909-ல் நிரந்தர எருப் பரிசோதனை தொடங்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வளவு நீண்ட சோதனை தனியொருவரால் ஆகாது. சிறிய அளவில் ஆகும். மனமுள்ள நிலமுடையோர் தம் வயலில் ஐந்து சென்ட் அளவுக்கு ஒரு பட்டியை ஒதுக்கி, அதற்கு ரசாயன உரம் மாத்திரமும், பக்கத்துப் பட்டிக்கு அதே உரத்தோடு தொழுவெருவோ கொழிஞ்சித் தழையோ சேர்த்தும் இட்டு, இரண்டையும் தனித்தனியே அறுத்து அளந்து எழுதி வரலாம். அடங்கலில் பயிரின் பெயர் ஏறுகிறது, எருவின் பெயர் ஏறுவதில்லை. ஆகையால் கிராம உத்தியோகஸ்தர்கள் இத்தகைய குடியானவரை ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தூண்டுதல் நலம். மண் மாதிரி எடுக்கும்போது ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில், எரு இடுமுன் எடுக்க வேண்டும். அரையடி ஆழத்து மண்ணை ஒரு பையிலும், அதற்குக் கீழே அடுத்த அரையடி மண்ணை வேறொரு பையிலும் நிழலில் உலர்த்திக் கட்டி, சர்வே நம்பரும் தேதியும் எழுதி மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. இரண்டையும் கலந்துவிடலாகாது.