ஈதர்நெட் கம்பி வழியே மின்சாரம்: பொருத்தமும் பொருந்தாமையும்

ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடியிழை வழியே வந்து சேரும் இணையத் தொடர்பைச் சற்றுத் தொலைவிலுள்ள பள்ளிக்கோ நூலகத்திற்கோ கொண்டு சேர்க்க, மாடியில் கம்பம் நாட்டிக் கம்பியில்லா ரேடியோவைப் பொருத்துவதுண்டு. (பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டியை நாம் இங்கு கூறவில்லை.) உச்சியிலுள்ள இக்கருவிக்கு வேறு மின்கம்பி தேவையில்லை; செய்தியைச் சுமக்கும் ஈதர்நெட் கம்பியே மின்சாரத்தையும் சுமக்கின்றது. இதனைக் கடைக்காரர்கள் 'பி.ஓ.இ.' என்பர். பெயர் ஒன்று, செருகியும் ஒன்று. ஆயின் உள்ளே ஓடும் மின்சாரம் ஒன்றன்று. தொல்லை இங்கேதான் பிறக்கின்றது.

ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 2003-இல் '802.3ஏ.எஃப்.' என்ற நியதியை வகுத்தது. இந்நியதிக்குட்பட்ட ஸ்விட்ச், எடுத்தவுடன் மின்சாரம் தருவதில்லை. பத்து வோல்ட் அளவுக்குட்பட்ட சிறிய அழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25,000 ஓம் தடை இருக்கின்றதா என்று சோதிக்கும். இருப்பின் மட்டுமே சுமார் 48 வோல்ட்டைத் திறந்துவிடும். இதற்கு மாறாக, 'பாஸிவ்' எனப்படும் மலிவான முறையோ எதனையும் விசாரிப்பதில்லை. பெரும்பாலும் 24 வோல்ட்டை அப்படியே செலுத்திவிடும். வெளிப்புற ரேடியோக்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வகை ரேடியோவை நியதிப்படியான ஸ்விட்சில் செருகினால் விளக்கு எரியாது, கெடுதலும் இல்லை. கருவி பழுதென்று எண்ணித் திருப்பி அனுப்புவோர் உளர். அது வீண் அலைச்சல். இடையே 24 வோல்ட் மாற்றி ஒன்றை வைத்தால் போதும். அஞ்சத்தக்கது மற்றொன்று: 24 வோல்ட் ரேடியோவுக்கு 48 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டரைச் செருகுதல். தடுப்பார் எவருமிலர், கருவி கருகக்கூடும். புதியது வரும்வரை பள்ளிக்குத் தொடர்பும் இராது.

வோல்ட் சரியாக இருந்தும் ரேடியோ அடிக்கடி அணைந்து எழுவதுண்டு. அப்போது கம்பியின் நீளத்தை நாம் நோக்க வேண்டும். நூறு மீட்டர் செப்புக் கம்பியில், இரு இணைகள் வழியே மின்சாரம் சென்று திரும்புங்கால் தடை ஏறத்தாழ 9 ஓம். ரேடியோ அரை ஆம்பியர் இழுப்பின் நாலரை வோல்ட் வழியிலேயே குன்றும்; 24-இல் எஞ்சுவது பத்தொன்பதரை. அலுமினியத்தின்மீது செம்பு பூசிய மலிவுக் கம்பியாயின் இழப்பு இன்னும் மிகும். விலையைக் கண்டு அதனை வாங்குவது சிக்கனமாகாது என்பதே நமது கருத்து. 48 வோல்ட்டில் அதே வாட்டுக்குப் பாதி ஓட்டம் போதுமாதலின், கம்பியில் வீணாகும் ஆற்றல் கால்பங்காகும்.

பழைய இன்ஜெக்டர்கள் சில, செய்திக்கு இரண்டு இணைகளை மட்டுமே விடும். ஜிகாபிட் ரேடியோவும் அவற்றில் 100 மெகாபிட்டுக்கு மேல் ஓடாது.

ஆகவே வாங்குமுன் ரேடியோவின் அடிப்புறத் தாளில் வோல்ட்டையும், 'பாஸிவ்' என்ற சொல் உண்டா என்பதையும் படித்தல் வேண்டும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றின்மீதும் அதன் வோல்ட்டை அழியா மையால் பெரிதாக எழுதி வைக்கலாம். அடுத்து வரும் பணியாளர் இருட்டில் கைக்குக் கிடைத்ததைச் செருகமாட்டார்.